சந்திரலேகா அம்மையாருக்கு மொட்டை மெஷினிலிருந்து ஒரு மடல்

சிதம்பரம் வெள்ளாற்றங்கரைக் கலை அறிவியல் கல்லூரியின் கணினி ஆய்வக மேற்பார்வையாளர் திருமதி கோ. சந்திரலேகா அவர்கள், முப்பத்து நான்கு ஆண்டுப் பணியை முழுமையாக முடித்து விடைபெறும் இந்த அக்டோபர் முப்பத்தோராம் நாள் வெள்ளிக்கிழமையில், உடன் உழைத்தோர் ஒன்றுகூடி, உள்ளம் கசிந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

அன்பும் அறிவும் அடக்கமும் ஒருங்கே அமைந்த அம்மையீர்!

மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்து, கடலூரில் குடித்தனம் நடத்தி, சிதம்பரத்தில் பணிபுரிந்து, மூன்று ஊரையும் தம் ஊராக்கிக்கொண்ட முத்தே! காலை ஏழரை மணிப் பேருந்தைக் கைக்கடிகாரமாகக் கொண்ட கடமைக் குன்றே! பழுதுற்ற கணினியைப் பார்த்துவிட்டால் பசியையும் மறந்துவிடும் பண்பாளரே! வணக்கம்.

உங்களை எதிரில் உட்கார வைத்துப் புகழ்ந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். தலையைக் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கிவிடுவீர்கள். ஆகவே இந்த மடலின் பெரும்பகுதியை உங்களிடம் சொல்லாமல், உங்களைப் பற்றி இந்த அவையோரிடம் சொல்லப்போகிறோம். யாரோ ஒருவருடைய கதையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருங்கள். இன்னொரு வேண்டுகோள். மேடையில் ஒரு பழைய கணினி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் பக்கத்தில் ஆய்வக உதவியாளர் சிந்துஜா ஒரு காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்று இம்மடலை வாசிக்கிறார். அந்தக் கணினி அங்கே ஏன் வந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறோம். அதுவரை எழுந்து வந்து அதைத் தொட்டுப் பார்க்கக் கூடாது.

அவையோரே!

இதை எழுதியவர்கள் தமிழ்த்துறையினர். கணினியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது சொற்பம். தெரிந்த அந்தச் சொற்பமும் மேடம் சொல்லிக் கொடுத்தது. எங்கள் கல்லூரியில் பெண் பேராசிரியர்கள் பதினேழு பேர் உண்டு. ஆனால் 'மேடம் எங்கே?' என்று யாராவது கேட்டால், வழியில் போகும் எவரும் யோசிக்காமல் கணினி ஆய்வகத்தின் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். எனவே இம்மடலிலும் மேடம் என்றால் அவர் ஒருவரே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றில் தட்டச்சுப் பயிற்றுநராக இக்கல்லூரிக்குள் நுழைந்தவர் அவர். தட்டச்சுப் பொறிகள் போய்க் கணினிகள் வந்தபோது, கற்றுக்கொடுக்க ஆள் இல்லாத காலத்தில், தாமே கையேட்டைப் புரட்டிப் புரட்டிக் கற்றுக்கொண்டார். நாள்தோறும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்து. சிப்காட் ரசாயன ஆலைகளைக் கடக்கும்போது ஒரு கையால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கையேட்டைப் பிடித்துப் படித்துக்கொண்டு வந்தவர் என்று அவரோடு பயணம் செய்த எங்கள் நூலகர் பட்டம்மாள் இன்றும் சொல்லிச் சிரிப்பார். பின்னர் ஆய்வகத்தின் அறுபது கணினிகளையும் லினக்ஸுக்கு மாற்றியவரும் அவரே. லினக்ஸ் என்பது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்திக்கொள்ளலாம்.

ஆனால் அதில் ஒரு தொல்லை இருந்தது. ஒரு மென்பொருளை நிறுவப் போனால் அது இன்னொன்றைக் கொண்டுவா என்று கேட்கும். அதைக் கொண்டுவந்தால் அது வேறொன்றைக் கேட்கும். எல்லாவற்றையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இந்தக் கணினியில் ஓடுவது அந்தக் கணினியில் ஓடாது. இதற்கு உலகில் பலர் கண்டுபிடித்த தீர்வை மேடமும் பிடித்துக்கொண்டார். ஒரு மென்பொருளையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டிவிடுவது. அந்த ஒரு கோப்பைப் பென் டிரைவில் எடுத்துப் போய் எந்தக் கணினியில் திறந்தாலும் ஓட வேண்டும். இறங்கும் இடத்தில் எதுவும் இருக்காது என்று வைத்துக்கொண்டு சோறு, தொடுகறி, தண்ணீர், சாப்பிட இலை வரை கட்டிக்கொண்டு போவதைப் போல. அதனால் ஆய்வகத்தில் அதற்குக் கட்டுச்சோறு என்றே பெயர் வந்துவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்குப் புரிய வேண்டும் என்று மேடம் வைத்த பெயர் அது.

அவர் கட்டியவற்றுள் தலையாயது 'வாசகி'. பார்வை இல்லாத மாணவர்கள் தேர்வைத் தாங்களே எழுதுவதற்கான கட்டுச்சோறு. கேள்வித்தாளைத் தமிழில் வாசித்துக் காட்டும். அவர்கள் தட்டச்சு செய்த விடையையும் வரிக்கு வரி திருப்பிச் சொல்லும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதித் தர வேண்டியதில்லை. தம் விடையைத் தாமே எழுதுவது என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கண்ணிருக்கும் நாங்கள் முழுதாக உணர்ந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள மாட்டோம்.

புகழ் மாலை தொடுக்கும் இடத்தில் ஒரு தவறைச் சொல்லலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. சொல்லியே ஆக வேண்டும் என்று முடிவானது. ஏனெனில் அந்தத் தவறுக்குப் பிறகு மேடம் நடந்துகொண்ட விதத்தால்தான் அவர்மீது எங்களுக்கு இத்தனை மரியாதை.

இரண்டாயிரத்துப் பதினேழு, நவம்பர். வாசகியின் முதல் தேர்வு. வரலாறு இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த சிந்துஜா, அதை நம்பித் தனக்கு எழுதுபவர் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அவ்வாண்டு தேர்வு மையம் கடலூரில். புத்தம்புதுக் கணினி. இணையம் கிடையாது. வாசகி திறந்தது; திரையில் கேள்வித்தாள் பளிச்சென்று தெரிந்தது. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நகர்ந்துவிட்டார். சிந்துஜாவின் காதில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தார். ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் ஓர் எழுதுபவரைத் தேடிப் பிடித்தார்கள்; அவரோ வேதியியல் மாணவர். தாள் போயிற்று. பள்ளிப் பருவம் முதல் ஒரு பாடத்திலும் தோற்றறியாத பெண்ணுக்கு அதுவே முதல் அரியர். அந்த ஒரு தாளால் அவருக்கு மேற்படிப்பில் ஓராண்டு போனது.

நடந்தது என்ன? வாசகி பேசுவதற்கு வேண்டிய குரல் கோப்பு கட்டுக்குள் வரவே இல்லை. அது மேடத்தின் கணினியில், அவருடைய சொந்தக் கோப்புறையில் இருந்தது. ஆய்வகக் கணினிகளிலும் என்றோ ஒரு நாள் அவரே நகலெடுத்துப் போட்டிருந்தார். எனவே எங்கள் ஆய்வகத்தில் எங்கே திறந்தாலும் வாசகி பேசியது. வெளியே போனதும் வாய் மூடிக்கொண்டது. சோறு கட்டியவர் வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தால் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவா போகிறது? வீட்டில்தான் உப்பு ஜாடி பக்கத்திலேயே இருக்கிறதே.

விசாரணை வந்தது. தேர்வு மையத்தின் கணினியில் கோளாறு என்று ஒரு வரி எழுதினால் விஷயம் முடிந்துவிடும் என்று பெரியவர்கள் சிலர் பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள். மேடம் எழுதியது இரண்டே வரி. 'மையத்தின் கணினியில் குறை இல்லை. நான் கட்டியதில் குறை.' அதற்காக அவர் வாங்கிய மெமோ இன்னும் அவருடைய பணிப்பதிவேட்டில் இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டம்மாளையும் அழைத்துக்கொண்டு, பிச்சாவரம் போகும் வழியில் கிள்ளையில் இருக்கும் சிந்துஜாவின் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததைப் பட்டம்மாள் சொன்னபடியே தருகிறோம். சிந்துஜாவின் தாயார் இருசம்மாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“ஒரு மணி நேரம் காதுல அத மாட்டிக்கினு ஒக்காந்திருந்துச்சாம் எம்பொண்ணு. ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்த பேசல. வயிறு எரியுதும்மா எனக்கு.”

“எரியத்தான் செய்யும்” என்றார் மேடம். “தப்பு என்னுது. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

உள்ளேயிருந்து சிந்துஜாவின் குரல் வந்தது. “அனுப்பறதுக்கு முன்னாடி போட்டுப் பாத்தீங்களா மேடம்?”

“பாத்தேம்மா. பேசிச்சு.”

“எந்த மெஷின்ல?”

“நம்ம லேப்ல.”

“அங்கதான் எல்லாமே இருக்குதே. ஒண்ணுமே இல்லாத மெஷின்ல போட்டுப் பாத்தீங்களா?”

சிந்துஜா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாராம். “அடுத்த தபா அனுப்பறதுக்கு முன்னாடி என்னக் கூப்புடுங்க. உங்களுக்குத் தெரயில எதுனா தெரிஞ்சா போதும், ஓடுதுன்னு நெனச்சிக்குவீங்க. எனக்கு அது பேசுனாத்தான் இருக்குது. பேசலன்னா அங்க ஒண்ணுமே இல்ல.”

திரும்பி வரும் வழியெல்லாம் மேடம் அழுதார் என்று பட்டம்மாள் சொன்னார். மறுநாள் காலை ஆய்வகத்தின் கதவோரம் ஒரு பழைய கணினி வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அதிலுள்ள எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, வெறும் லினக்ஸை மட்டும் புதிதாக ஏற்றுவார்கள். குரல் இல்லை, எழுத்துரு இல்லை, இணையம் இல்லை, ஒன்றுமில்லை. அதுதான் மொட்டை மெஷின். இதோ மேடையில் இருப்பதும் அதுவே.

அன்று முதல் ஒரு வழக்கம் உண்டானது. எந்தக் கட்டுச்சோறும் மொட்டை மெஷினில் அவிழ்க்கப்படாமல் வெளியே போகக் கூடாது. கட்டியவர் சோதிக்கக் கூடாது. பார்வை இல்லாத ஒருவர்தான் சோதிக்க வேண்டும். முதல் வரி பேசினால் போதாது; கடைசி வரி வரை கேட்க வேண்டும். கேட்டு முடித்து அவர் 'பேசுது' என்று சொன்ன பிறகே சோதனை ஏட்டில் பதிய வேண்டும். அப்படிச் சோதிக்க வந்துகொண்டிருந்த சிந்துஜா, விட்ட தாளை எழுதித் தேறி, முதுகலையும் முடித்து, மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். எட்டு ஆண்டுகளில் வாசகியை வைத்துத் தேர்வெழுதித் தேறியவர்கள் நாற்பத்து மூன்று பேர். அவர்களில் இருவர் இன்று ஆசிரியர்கள், ஒருவர் வங்கியில். நால்வர் இந்த அரங்கின் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

மடல் இங்கேயே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது.

தீபாவளி கழிந்த வியாழக்கிழமை. மேடம் முதல்வர் அறையில் ஓய்வுக்கான படிவங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில், கல்லூரிப் பொருள்களுக்குப் பொறுப்பான ஸ்டோர் கலியமூர்த்தி, பொறுப்பு மாற்றத்துக்காகப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்குள் போனார். மேடத்தின் கணினியில் ஒட்டியிருந்த எண் பின்பக்கம் இருந்தது. படிப்பதற்காக அதை நிறுத்தி, வயர்களைப் பிடுங்கித் திருப்பினார். அவ்வளவுதான் அவர் செய்தது.

பக்கத்து ஆய்வகத்தில், வருகிற திங்கட்கிழமை தொடங்கும் தேர்வுக்காகப் பார்வை இல்லாத மாணவர்கள் பதினொரு பேருக்குச் சிந்துஜா ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். எல்லோரும் வாசகியைத் திறந்தார்கள். பதினொரு கணினியிலும் சத்தம் இல்லை. ஒரு நிமிடம் போயிற்று, ஐந்து நிமிடம் போயிற்று. பின்வரிசையில் இளமதி என்ற மாணவி தேம்ப ஆரம்பித்துவிட்டார். சிந்துஜா வராந்தாவுக்கு ஓடி வந்தார்.

“யாரு இன்னா பண்ணீங்க? ஒரு மெஷினும் பேச மாட்டேங்குது!”

“நான் எதுவும் பண்ணலம்மா” என்றார் கலியமூர்த்தி. “மேடம் ரூம்ல இருக்கற மெஷினத்தான் நிறுத்துனேன். அதுக்கும் இதுக்கும் இன்னா சம்மந்தம்?”

அதற்குள் மேடம் வந்துவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அப்படியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “சம்மந்தம் இருக்கக் கூடாது கலியமூர்த்தி” என்றார் மெதுவாக. “நான்தான் வெச்சேன்.”

எட்டு ஆண்டுகளுக்கு முன், அந்த அரியருக்குப் பிறகு, மேடம் வாசகிக்குள் ஒரு வரி சேர்த்திருந்தார். வாசகி திறக்கும்போதெல்லாம் மேடத்தின் கணினியைக் கூப்பிட்டு, ஏதாவது திருத்தம் உண்டா என்று கேட்டுக்கொள்ளும். மறுபடி ஒரு தவறு நேர்ந்துவிட்டால் உடனே திருத்தி அனுப்ப வேண்டுமே என்ற பதைப்பில் போட்ட வரி. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வயரே இல்லை என்றால் வாசகி கேட்காது. அதனால் வயர் இல்லாத மொட்டை மெஷினில் அது ஒவ்வொரு முறையும் பேசியது. வயர் இருந்து, மேடத்தின் கணினி ஓடிக்கொண்டிருந்தால் பதில் கிடைத்துவிடும், அப்போதும் பேசும். வயர் இருந்து மேடத்தின் கணினி நின்றுபோயிருந்தால், பதில் வரட்டும் என்று காத்துக்கொண்டே இருக்கும். விடைத்தாள்கள் தேர்வுப் பிரிவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், ஆய்வகத்தில் வயரைப் பிடுங்கவும் வழியில்லை. இந்த மூன்றாவது நிலைமை எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட வரவில்லை, ஏனென்றால் மேடம் அந்தக் கணினியை நிற்க விட்டதே இல்லை. “ஊட்ல இருந்துக்கினே அது ஓடுதா ஓடுதான்னு போன்ல பாத்துக்கினு இருப்பா. நானும் அப்படி ஒரு நாள் என்னப் பாக்கலியேன்னு கேட்டுட்டேன்” என்று அவருடைய கணவர் கோவிந்தசாமி ஒருமுறை எங்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். இதோ முன்வரிசையில் அவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

முதல்வர் திருநாவுக்கரசு அவர்கள் உடனே ஒரு வழி சொன்னார். “இதுக்கு ஏன் மேடம் இவ்ளோ கவலப்படறீங்க? அந்த மெஷின் பாட்டுக்கு ஓடட்டும். உங்க ரூம யாருக்கும் தர வேணாம். நீங்களும் இன்னும் ஒரு வருஷம் வந்து போயிட்டு இருங்க. நான் லெட்டர் போட்டுத் தரேன்.”

அந்த நேரத்தில் மேடத்தின் முகம் மலர்ந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மறைக்க என்ன இருக்கிறது? ஓய்வு நாள் நெருங்க நெருங்க அவர் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டதும், காரணமில்லாமல் ஆய்வகத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததும் எங்களுக்குத் தெரியும். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். எங்களுக்கும் மகிழ்ச்சிதான், இன்னும் ஓராண்டு மேடம் இருப்பார் அல்லவா? மகிழ்ச்சி அடையாதவர் ஒரே ஒருவர், சிந்துஜா. அவர் அன்று மாலை ஆய்வகத்தைப் பூட்டும்போது மேடத்திடம் பேசியதை, சாவிக்காகக் காத்திருந்த கலியமூர்த்தி கேட்டுக்கொண்டிருந்தார்.

“மொட்ட மெஷின்ல பேசுதுன்னு எட்டு வருஷமா ஏட்டுல சொன்னது நான் மேடம். என் வாயாலயே தப்பா சொல்ல வெச்சிட்டீங்க.”

“தெரியுதும்மா.”

“மழ நாளு. திங்கக்கெழம உங்க ரூம்ல கரண்ட் போச்சின்னா? பதினோரு பேரும் என்ன மாதிரி காத வெச்சிக்கினு ஒக்காந்திருக்கணுமா?”

மேடம் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, “நான் இருந்தா பாத்துக்குவேன்னு நெனச்சேன்” என்றாராம்.

“நீங்க இல்லன்னாலும் ஓடணும்னுதான மேடம் கட்டுச்சோறே கட்டுனீங்க?”

மறுநாள் காலை மேடம் முதல்வரின் அறைக்குப் போய், கடிதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சிரித்த முகமாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு வேலையில் இறங்கினார்.

அந்த ஒரு வரியை எடுக்கக் கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. எடுக்க எடுக்க இன்னும் இரண்டு இடங்கள் அகப்பட்டன. சில ஊர்ப்பெயர்களை எப்படி உச்சரிப்பது என்ற பட்டியலை வாசகி மேடத்தின் கணினியிலிருந்தே எடுத்து வந்தது; நேரத்தையும் அதனிடமே கேட்டுக்கொண்டது. கண்டெடுத்த ஒவ்வொன்றையும் கட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தார். ஒருவர் தம் இறுதி வாரத்தில் தம் பெயர் பொறித்த கல்வெட்டுக்கு ஏற்பாடு செய்வதைப் பார்த்திருக்கிறோம். இவரோ, தம்மைத் தேட வேண்டிய தேவை எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார். இதைவிடப் பெரிய தொண்டு ஒன்றை இக்கல்லூரியில் நாங்கள் கண்டதில்லை.

வாசகி நேற்று பிற்பகல் மறுபடி கட்டி முடிந்தது. சோதனை ஏட்டில் புதிதாக ஒரு வரிசை கோடிட்டார்கள். முதல் சோதனை, வயர் இல்லாமல்: பேசியது. இரண்டாவது, வயரோடு, மேடத்தின் கணினி ஓடும்போது: பேசியது. மூன்றாவது, வயரோடு, மேடத்தின் கணினி நின்றிருக்கும்போது. அதைத் தொடங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டு மின்சாரம் போய்விட்டது. கடலூர்ப் பேருந்துக்கும் நேரமாகிவிட்டது. “நாளைக்குப் பாராட்டு விழான்னு நேரம் போயிடும். சனிக்கெழம நான் வந்து பாத்துடறேன். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை அவர் எங்கள் கல்லூரிப் பணியாளர் அல்லர். அப்படியும் வருவார். திங்கட்கிழமையும் வருவார். தேர்வு முடியும்வரை வருவார். சிந்துஜா இன்று காலை எல்லோரையும் கூப்பிட்டு ஒன்று சொன்னார். அதன்படி கலியமூர்த்தி மேடத்தின் அறைக்குப் போனார். “போன தபா தெரியாம நிறுத்துனேன். இந்த தபா தெரிஞ்சே நிறுத்தறேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

எங்கள் அன்புக்குரிய அம்மையீர்!

இனி உங்களிடமே பேசுகிறோம். உங்கள் கணினி இன்று காலை ஒன்பதே முக்கால் மணி முதல் நின்றிருக்கிறது. வயர் சுருட்டப்பட்டு, கலியமூர்த்தியின் ஸ்டோரில், மூன்றாம் அலமாரியில் இருக்கிறது. மேடையில் இருப்பது காலையில்தான் வழித்துத் துடைக்கப்பட்ட மொட்டை மெஷின். சுவரிலிருந்து அதற்கு வயர் போகிறது. அதில் இருப்பது நேற்று நீங்கள் கட்டிய வாசகி ஒன்றே. அது இந்த மடலைச் சிந்துஜாவின் காதில் வாசிக்கிறது. அவர் கேட்டுக் கேட்டு உங்களுக்குச் சொல்கிறார். அவர் கையில் வேறு தாளும் இல்லை, விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தும் இல்லை. திறந்தபோதே தெரிந்துவிடும் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் கடைசி வரி வரை கேட்க வேண்டும் என்பது உங்கள் ஆய்வகத்து வழக்கம். அதை மீற எங்களுக்குத் துணிவில்லை.

பாராட்டு மடல்களில் வழக்கமாக எழுதும் ஒரு வாக்கியத்தை நாங்களும் முதலில் எழுதினோம். நீங்கள் சென்றபின் இங்கே எதுவும் ஓடாது, உங்கள் இடம் என்றும் வெற்றிடம் என்று. சிந்துஜா அதை அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டோம். ஓடுகிறது அம்மையீர். நீங்கள் இல்லாமல் ஓடுகிறது. அப்படித்தான் நீங்கள் கட்டியிருக்கிறீர்கள். உங்கள் முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு எங்களால் தர முடிந்த பாராட்டு இதுவே. இதைவிட உயர்ந்தது எங்களிடம் இல்லை. உங்களைப் பிரிவது எங்களுக்கு வலிக்கிறது. அது எங்கள் பாடு, வாசகியின் பாடு அல்ல.

எனவே நாளைச் சனிக்கிழமை நீங்கள் வர வேண்டியதில்லை. திங்கட்கிழமையும் வேண்டியதில்லை. பதினொரு பேரும் எழுதிக்கொள்வார்கள். ஏழரை மணிப் பேருந்து உங்களை விட்டுவிட்டுப் போகட்டும். கோவிந்தசாமி அண்ணனைப் பகலில் ஒருமுறை பாருங்கள். பசித்தபோது உண்டு, அலுத்தபோது உறங்கி, கண்ணும் காதும் கையும் காலும் சொன்னபடி கேட்க, பேரன் பேத்தியரோடும் பேரன்போடும் நூறாண்டு கடந்தும் நீங்கள் நலமாக வாழ வேண்டும் என்று நெஞ்சார வாழ்த்துகிறோம். என்றாவது எங்களைப் பார்க்கத் தோன்றினால் வாருங்கள். தேநீர் குடிக்க மட்டும் வாருங்கள்.

இம்மடலைச் சட்டமிட்டுத் தருகிறோம். அதன் அடியில் சோதனை ஏட்டின் ஒரு வரி அச்சிடப்பட்டிருக்கிறது. முடிவு என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம். சோதிப்பவர் சொல்ல, கட்டியவர் எழுத வேண்டும் என்பதே உங்கள் வழக்கம். பேனாவை எடுத்துக்கொண்டு மேடைக்கு வாருங்கள், மேடம். கடைசி வரிக்கு வந்துவிட்டோம்.

என்றும் உங்கள் அன்பை மறவாத
ஆசிரியர்கள், அலுவலர்கள், ஆய்வகத்தினர்
வெள்ளாற்றங்கரைக் கலை அறிவியல் கல்லூரி, சிதம்பரம்

கட்டுச்சோறு: வாசகி. மெஷின்: மொட்டை. வயர்: உண்டு. மேடம் மெஷின்: நின்றிருக்கிறது. கடைசி வரி வரை கேட்டவர்: சிந்துஜா. முடிவு: ...............